கட்டு நூற்றைம்பது ரூபாய்

கீழ்ப்படியை டென்ட் போடக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று என் கொழுந்தன் சொன்னபோது அடுப்பில் பால் இருந்தது. அது பொங்கி வழிந்தது. நான் இறக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் கை ஓடாது, வாய் மட்டும்தான் ஓடும்.

பூம்பாறையில் எங்களுக்கு மூன்று படி நிலம். சரிவை வெட்டிக் கல் அடுக்கி, ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கும் நிலம். மேல் இரண்டும் வானம் பார்த்தவை. கீழ்ப்படிதான் சொல்லிக்கொள்ளும்படியானது. ஓரத்தில் ஓர் ஊற்று உண்டு, கோடையிலும் ஈரம் காயாது. இருபது சென்ட்டுக்குள்தான் இருக்கும். எங்கள் பூண்டு முழுக்க அதில்தான் விளைகிறது. ரோட்டை ஒட்டி இருப்பதும் அதுதான். அதுதான் வினையாகப் போயிற்று.

கொழுந்தன் கொடைக்கானலில் ஜீப் ஓட்டுகிறான். அவன் ஜீப்பில் வந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கு எங்கள் கீழ்ப்படி பிடித்துப்போய்விட்டது. பத்து வருஷக் குத்தகை, ஆறு டென்ட், வருஷா வருஷம் பணம் என்று பேசிவிட்டுப் போயிருந்தார்.

"மதினி, மண்டிக்குக் கொண்டு போனா அங்க சொல்றதுதான் வெல. வண்டி வாடக, கூலி, கமிஷன் போக என்ன மிஞ்சுது? நீங்களே சொல்லுங்க" என்றான்.

"மண்டிக்குக் கொண்டு போனாத்தான? நானே வித்துக் காட்டுறேன்."

"நீங்களா?" என்று சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. இருந்தாலும் சிரிப்புதானே. "சரி மதினி. இந்த வெள்ளாம முழுசும் உங்க பொறுப்பு. ஒரு கட்டுகூட மண்டிக்குப் போகக் கூடாது. ஆடி முடியுறதுக்குள்ள பரண் காலியாகணும். செஞ்சிட்டீங்கன்னா டென்ட்டுப் பேச்சையே எடுக்க மாட்டேன். இல்லைன்னா கையெழுத்துப் போட்டுருவோம்."

நிலம் அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் இருக்கிறது. என் பெயரில் ஒரு சாண்கூட இல்லை. ஆனால் கல்யாணமாகி வந்த பதினெட்டு வருஷமாக அதில் குனிந்து கிடந்தவள் நான். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "பாப்போம்" என்றார். வீடு இடிந்து விழுந்தாலும் அவர் அதைத்தான் சொல்வார்.

அந்த மாதம்தான் எங்கள் மகளிர் குழுவுக்கு விற்பனைப் பயிற்சி வைத்தார்கள். பொருளை உருவாக்குவது, அதற்கு ஒரு பெயரும் முகமும் கொடுப்பது, விலை வைப்பது என்று மூன்று நாள். திண்டுக்கல்லிலிருந்து லேப்டாப்போடு ஒரு பெண் வந்திருந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது சிறியவள். குளிர் தாங்காமல் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"உங்க பூண்டை யார் வாங்குவாங்க அக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

"யாரு வேணாலும் வாங்குவாங்க."

"அப்படின்னா யாருமே வாங்க மாட்டாங்க. சரி, கடைப் பூண்டுக்கும் உங்க பூண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"எங்களது நல்லா இருக்கும்."

"நல்லா இருக்கும்னா எப்படி?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. பதினெட்டு வருஷம் விளைவித்த பொருளைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. நியாயமான கேள்விதான். நியாயமான கேள்வி என்பதால்தான் கோபம் அதிகமாக வந்தது. மத்தியானம் அவளுக்குச் சாப்பாடு பரிமாறும்போது ரசத்தைக் கொஞ்சம் வேகமாக ஊற்றினேன். பாவம், அவள் அதைக் கவனிக்கவில்லை.

பங்குனியில் பூண்டு எடுத்தோம். எங்கள் ஊரில் பூண்டை எடுத்தவுடன் தண்டும் இலையுமான தாளோடு சேர்த்துக் கட்டுக் கட்டாகக் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவோம். நாள் முழுக்க விறகுப் புகை படும். தோல் பழுப்பேறி, மேலே கரி படிந்து, பார்க்க அழுக்காகத்தான் இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் கெடாது, முளைக்காது. உரித்தால் வீடே மணக்கும். இது எங்களுக்குப் பழகிய விஷயம், அதில் சொல்ல எதுவும் இருப்பதாக நினைத்ததில்லை. இன்னொரு பழக்கமும் உண்டு. வெளியூர் உறவுக்காரர்களுக்குப் பூண்டு கொடுத்தனுப்பும்போது கரியைத் துடைத்து, மேல்தோலை உரித்துத்தான் கொடுப்போம். கரியோடு கொடுத்தால் மரியாதை தெரியாத வீடு என்று பெயர் வந்துவிடும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு இன்னும் சுத்தமாகக் கொடுக்க வேண்டாமா என்று, முதலில் பத்துக் கிலோவை எடுத்துத் துணியை நனைத்துத் துடைத்தேன். தாளை வெட்டி எறிந்தேன். இரண்டு தோல் உரித்தேன். ஒரு வாரம் இதே சோலி. நகக்கண்ணெல்லாம் எரிந்தது. வெள்ளை வெளேரென்று கால் கிலோ பாலித்தீன் கவரில் போட்டு ஒட்டினேன். கொடைக்கானலில் ஒரு அச்சுக் கடையில் லேபிள் அடித்தேன். அதில் பச்சை மலை, சூரியன், இன்டர்நெட்டில் எடுத்த ஒரு குண்டுப் பூண்டின் படம். மேலே 'பிரீமியம் கார்லிக்' என்று போட்டுக்கொடுத்தான் அந்தக் கடைக்காரன். பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. விலையும் வைத்தேன். பஜாரில் சாதாரணப் பூண்டு கால் கிலோ எண்பதுக்கு விற்றது. நான் அறுபது வைத்தேன். குறைத்து வைத்தால் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று கணக்கு.

கொடைக்கானல் பஜாரில் மசாலாவும் தைலமும் விற்கும் பாய் ஒருவர் கடையில் நாற்பது பாக்கெட் வைத்தேன். ஏற்கெனவே எங்கள் வீட்டில் பூண்டு வாங்கியவர், நல்ல மனிதர். இரண்டு வாரம் கழித்துப் போனால், முப்பத்தேழு பாக்கெட் அப்படியே கிடந்தது. பாதியில் உள்ளே வியர்த்து, பச்சையாக முளை எட்டிப் பார்த்தது. இரண்டு மூன்றில் பூஞ்சணம்.

"ஏம்மா, இது எந்த ஊர்ப் பூண்டு?" என்றார் பாய்.

"என்ன பாய் இப்படிக் கேக்குறீங்க? எங்க கீழ்ப்படிப் பூண்டு!"

"எனக்குத் தெரியுது. உரிச்சுப் பாத்தேன், வாசன இருக்கு. வாங்க வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்? மூட்டையில வர்ற பூண்டு மாதிரியே வெள்ளையா இருக்கு. வெல அதைவிடக் கம்மியா இருக்கு. மலைப்பூண்டு கேட்டு வந்த மெட்ராஸ்காரம்மா ஒருத்தங்க கையில எடுத்துப் பாத்துட்டு, 'போலிய எல்லாம் ஏன் பாய் வெக்கிறீங்க'ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க."

"போலியா? எம் பூண்டா போலி?"

"கத்தாதம்மா, கடையில ஆளு நிக்குது." பாய் குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டுப் பரண்ல எப்படித் தொங்குச்சோ அப்படியே கொண்டு வந்திருக்கலாம்ல? அதத்தான கேட்டு வர்றாங்க. அதப் போயி கழுவிட்டு வந்திருக்க."

பூம்பாறை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். மடியில் முப்பத்தேழு பாக்கெட். போலி என்று சொன்ன அந்த அம்மாவின் மேல் ஆத்திரம், பாயின் மேல் ஆத்திரம். மஹாலட்சுமி கோயில் தாண்டும்போது ஆத்திரம் என் பக்கம் திரும்பியது. நல்லவேளை, துடைத்தது அந்தப் பத்துக் கிலோவை மட்டும்தான். மீதி இன்னும் பரணில் கரியோடு தொங்கியது.

மறுநாள் வெள்ளனே எழுந்து பரணைப் பார்த்து உட்கார்ந்தேன். அந்தத் திண்டுக்கல் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் என் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பூண்டு புகையில் கிடந்த பூண்டு. அவ்வளவுதான் வித்தியாசம். இதைச் சொல்ல எனக்கு முப்பத்தேழு பாக்கெட் நஷ்டம் தேவைப்பட்டது.

கவரை விட்டேன். தாளோடு கால் கிலோ எடைக்குப் பூண்டைச் சேர்த்து வாழைநாரால் கட்டினேன். ஒரு சின்ன அட்டையில் 'பூம்பாறைப் புகைப்பூண்டு' என்று மட்டும் தமிழில் எழுதி, பின்பக்கம் 'இந்தக் கரி எங்கள் அடுப்புக் கரி. தோலை உரித்தால் போய்விடும். காற்றாட மாட்டி வையுங்கள்' என்று எழுதினேன். என் மகளின் கையெழுத்து அழகாக இருக்கும், அவளை எழுதச் சொல்லி அதையே அச்சடித்தேன். மலையும் இல்லை, சூரியனும் இல்லை.

விலைக்கு மட்டும் பாயிடம் சண்டை போட்டேன். அவர் நூற்றைம்பது வை என்றார்.

"கால் கிலோவா? யாரு பாய் வாங்குவா?"

"அறுபதுன்னா எவனும் நம்ப மாட்டான்னு பாத்துட்டேல்ல? உம் பூண்டுக்கு நீயே மரியாத குடுக்கலைன்னா வர்றவன் எதுக்குக் குடுக்கணும்? நூத்தம்பது வை. ஒத்த ரூவா எறங்காத."

பாய் கடையில் முதல் வாரமே இருபத்தைந்து கட்டு போனது. சீசன் கூட்டம் வேறு. கீழ்ப்படிக்கு மேலே ரோட்டோரம் ஒரு கயிறு கட்டி அதிலும் தொங்கவிட்டோம். அங்கே என் வீட்டுக்காரரை நிறுத்தியதுதான் பெரிய கூத்து. கார் நிற்கும், இறங்குவார்கள், மோந்து பார்ப்பார்கள், "எவ்வளவு?" என்பார்கள். இவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நீங்களா பாத்துக் குடுங்க" என்பார். ஒருவர் பாத்து நாற்பது ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார்.

"ஏங்க, பாத்துக் குடுக்க இது என்ன மொய்யா? நூத்தம்பதுன்னு வாயத் தொறந்து சொல்லுங்க!"

"கூச்சமா இருக்குடி. அம்புட்டு வெலைய எப்படி மொகத்தப் பாத்துச் சொல்றது?"

"மொகத்தப் பாக்காம மலையப் பாத்துச் சொல்லுங்க."

அப்படியே சொன்னார். மலையைப் பார்த்து நூற்றைம்பது என்றார், வாங்கினார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொழுந்தனும் தன் ஜீப்பை எங்கள் கயிற்றுக்கு முன்னால் நிறுத்த ஆரம்பித்தான். "மதினி கையால பூண்டு வாங்குங்க, ஒரு வருஷம் கெடாது" என்று அவனே விளம்பரம் வேறு. அவன் அப்படித்தான், பந்தயம் வேறு பாசம் வேறு.

எங்கள் தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். மேல் வீட்டு அக்கா முதலில், "கரிய வித்துக் காசாக்குறியேடி, நீ பொழச்சுக்குவ" என்று கேலி செய்தாள். வைகாசியில் அவளும் ஒரு கயிறு கட்டினாள். பிறகு இன்னும் நாலு வீடு. எனக்கு வருத்தமில்லை, ஆள் கூடினால்தான் கார் நிற்கும். ஆனால் அக்கா நூற்றிருபதுக்குக் கொடுப்பதாகக் கேள்விப்பட்டதும் அவள் வீட்டு வாசலுக்கே போய்விட்டேன்.

"அக்கா, நீங்க எறக்கினா எல்லாரும் எறங்கணும். பொறவு மண்டிக்கே போயிரலாம். யாரு வந்து கேட்டாலும் நூத்தம்பது. தெரிஞ்சவங்களா இருந்தாலும் நூத்தம்பது. கண்ணப் பாத்துச் சொல்லுங்க."

"தெரிஞ்சவங்ககிட்ட எப்படிடி?"

"அவங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும். அப்பத்தான் வெல நிக்கும்."

அக்கா சரி என்றாள். நான் பெரிய வியாபாரி மாதிரி திரும்பி நடந்தேன். அன்றைக்கு இருந்த மிதப்பு இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஆடி பிறந்தபோது பரணில் விற்பனைக்கு என்று எதுவும் இல்லை. அடுப்புக்கு நேர் மேலே இருந்த விதைக்கட்டுகள் மட்டும் தொங்கின. எடுக்கும்போதே பெரிய பூண்டாகப் பார்த்து ஒதுக்கிவைப்பது. ஐப்பசியில் அதன் பல்லைத்தான் பிரித்து மறுபடி ஊன்றுவோம். ஆடிக் கடைசி வாரத்தில் பாய் போன் செய்தார். ஆவணியில் யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்க நூறு கட்டு வேண்டுமாம், பெரிய பூண்டாக வேண்டுமாம்.

"இல்ல பாய், முடிஞ்சுபோச்சு" என்றுதான் சொன்னேன். அன்று சாயங்காலம் கொழுந்தன் வந்தான். காபி குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தான்.

"என்ன மதினி, ஆடி முடிய இன்னும் நாலு நாள்தான் கெடக்கு. பரண்ல இன்னும் தொங்குதே!"

சும்மா சொன்னான். இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. நாலு மாதம் நாயாக அலைந்து, கடைசியில் இவன் இதைக் காட்டிக் கீழ்ப்படியைப் பிடுங்கிவிடுவானோ என்று பட்டது. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன்.

"ஏய், அது வெதைக்கட்டு" என்றார் என் வீட்டுக்காரர். பாப்போம் என்று சொல்லாமல் அவர் வேறு ஒன்று சொன்னது அபூர்வம். நான்தான் கேட்கவில்லை.

"மதினி, வெதையச் சொல்லல, கேலிக்குச் சொன்னேன், எறங்குங்க" என்று கொழுந்தனும் எழுந்துவிட்டான்.

"காலியாகணும்னு சொன்னேல்ல? இந்தா, காலி!" என்று ஒவ்வொன்றாக அறுத்துப் போட்டேன். "வெதைக்கு என்ன பஞ்சம்? தெருவுல கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

அது வெறும் வாய்வீச்சு இல்லை. எங்கள் தெருவில் விதைப்பூண்டை விற்பது கிடையாது. ஒரு வீட்டில் விதை அழுகினால் அடுத்த வீட்டில் கேட்டு வாங்கி ஊன்றுவோம். அறுவடையில் அதே எடைக்குத் திருப்பிக் கொடுப்போம். கேட்டு இல்லை என்று சொன்ன வீட்டை நான் பார்த்ததில்லை. நானே இரண்டு முறை கொடுத்திருக்கிறேன், ஒரு முறை வாங்கியிருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் அத்தனையையும் பாயிடம் அனுப்பினேன்.

கொழுந்தன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். ஆடிக் கடைசியில் கோயம்புத்தூர்க்காரருக்கு என் முன்னாலேயே போன் போட்டு, "இல்லைங்க சார், எங்க மதினி வெள்ளாம பண்றாங்க, தர்றதா இல்ல" என்று சொல்லிவிட்டான். நான் உள்ளே போய் அழுதேன். சந்தோஷத்தில்தான். கீழ்ப்படி எங்களுக்கே நின்றது.

ஐப்பசியில் மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டி, விதை கேட்க மேல் வீட்டு அக்காவிடம் போனேன். அவள் பரணில் நிறையவே தொங்கியது.

"அக்கா, வெதைக்கு ஒரு நூறு கட்டு குடுங்க. பங்குனியில திருப்பிக் குடுத்துடுறேன்."

அக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு என் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

"கட்டு நூத்தம்பதுடி."

"அக்கா, வெதைக்கு..."

"வெதைன்னாலும் ரோட்டுல தொங்கவிட்டா அதுக்குத்தான போகுது? தெரிஞ்சவங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்னு நீதான சொன்ன."

குத்தலாகச் சொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகப் படித்து ஒப்பித்தாள். மற்ற வீடுகளிலும் கேட்டேன். இரண்டு வீட்டில் தங்கள் தேவைக்கு மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விற்றுவிட்டிருந்தார்கள். மற்றவர்கள் அதே விலை சொன்னார்கள். குறைத்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. குறைக்கக் கூடாது என்று தெருத் தெருவாகச் சொன்ன வாய் இது. கையில் இருந்ததற்கு அக்காவிடம் ஐம்பது கட்டு வாங்கினேன். கீழ்ப்படியில் பாதிக்குத்தான் அது வந்தது. மீதியில் உருளைக்கிழங்கு போட்டோம். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருப்பேன்.

இப்போது எங்கள் வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது. கீழ்ப்படி மறுபடி முழுக்கப் பூண்டாகிவிட்டது. பாய் இன்னும் இரண்டு கடைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறார். டென்ட்டுப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

போன ஐப்பசியில் தெருக்கோடி வீட்டுக்கு வாழ வந்த புதுப்பெண் என் வாசலில் வந்து நின்றாள். கூரை ஒழுகி அவர்கள் விதை நனைந்து அழுகிவிட்டதாம். அவள் மாமியார், என் வீட்டில் கேட்டால் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கையில் பை மட்டும் கொண்டுவந்திருந்தாள்.

"பங்குனியில திருப்பிக் குடுத்துடுறோம்க்கா" என்றாள்.

சும்மா கொடுத்திருக்கலாம். கொடுக்க வேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. அக்கா மேலே தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் ஒரு நியாயம், இவளுக்கு ஒரு நியாயமா என்று நெஞ்சுக்குள் ஏதோ கறுவிக்கொண்டது. நான் விலையைச் சொன்னேன். அந்தப் பெண் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பணம் எடுத்துவர வீட்டுக்குப் போனாள்.